பக்கத்தின் படமும் பக்கத்தின் உரையும்: ஆசிரியர்க்குப் பல்கலைக்கழக நூலகங்கள் ஆற்றும் ஒரு பணி

ஒரு நூலின் குறிப்பிட்ட இயலை வாசித்து வரும்படி ஆசிரியர் தம் மாணவரைப் பணிக்கும்போது, வகுப்பிலுள்ள அனைவராலும் அதனை வாசிக்க இயலும் என்று இயல்பாகவே எண்ணிக்கொள்கிறார். நூல் நூலகத்தில் இருக்கிறது. இல்லையேல் அதன் படி கணினி வழியாக அனுப்பப்படுகிறது. ஆகவே குறை ஒன்றுமில்லை என்பது அவர் கருத்து. ஆனால் கண்பார்வையற்ற மாணவர்க்கும், எழுத்துகளைச் சொல்லாகக் கூட்டி வாசிப்பதில் இடர்ப்படும் டிஸ்லெக்ஸியா என்னும் குறையுடைய மாணவர்க்கும், தசைத் தளர்ச்சியால் நூலைப் பிடித்துப் பக்கம் புரட்ட இயலாத மாணவர்க்கும் அந்தப் படி கிடைத்தும் கிடைக்காததற்கு ஒப்பாகவே இருக்கக்கூடும். அனைவர்க்கும் ஒரே நாளில் ஒரே பாடம் கொடுக்கப்பட்டிருந்தும், இவர்கள் மட்டும் பாடமின்றி வகுப்பில் அமர நேர்கிறது.

இக்குறையை நீக்கும்பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல்கலைக்கழக நூலகங்கள் பலவும் ஆசிரியர்க்கென ஒரு தனிப்பணியை ஏற்று நடத்துகின்றன. ஆசிரியர் தமக்கு வேண்டிய இயலையோ கட்டுரையையோ குறிப்பிட்டுக் கேட்டால், நூலகத்தார் அதனை ஸ்கேன் செய்து, எழுத்துருவாக்கிப் பிழை திருத்தி, தலைப்பும் பத்தியும் ஒழுங்குபெற அமைத்து, அப்பாடத்துக்குரிய கணினித் தளத்தில் சேர்க்கின்றனர். மேலோட்டமாகக் காண்போர்க்கு இஃது அலுவலகக் குமாஸ்தாவின் வேலையாகத் தோன்றலாம். ஆனால் வகுப்பறையில் யார் இடம்பெறுவர் என்னும் வினாவே இதில் அடங்கியுள்ளது.

இப்பணி எவ்வாறு நடைபெறுகிறது, அதற்குப் பின்னணியாக அமைந்த சட்டங்கள் யாவை, தமிழில் கற்பிக்கும் நாம் இதிலிருந்து அறிந்துகொள்ளத்தக்கது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். நாம் நிறுவ விரும்பும் கருத்தை முதலிலேயே கூறிவிடுதல் நலம். பக்கத்தை எழுத்தாக்கித் தருவது நூலகத்தால் இயலும். ஆனால் அப்பக்கம் எதற்காக வாசிக்கப்படுகிறது என்பதனை அறிந்தவர் ஆசிரியர் ஒருவரே. ஆகையால் இப்பணியில் ஒரு பகுதி அவரையே சாரும். அதனைச் செய்வதற்கு உரிய காலமும் பாடம் தொடங்குவதற்கு முன்னுள்ள காலமேயாகும்.

1. படம் வேறு, உரை வேறு

அச்சிட்ட தாளை ஸ்கேன் எந்திரத்தில் வைத்தால் கணினிக்குக் கிடைப்பது எழுத்தன்று, புள்ளிகளே. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது நூற்பக்கங்களுக்குப் பொதுவாகக் கைக்கொள்ளப்படும் அளவு. அவ்வளவின்படி ஓர் ஏ4 தாள் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு புள்ளியும் கறுப்போ வெளுப்போ வேறு நிறமோ என்பது மட்டுமே கணினியில் பதிவாகிறது. கண்ணுடையோர் அப்புள்ளிகளின் திரளைப் பார்த்து எழுத்தென உணர்ந்து வாசிக்கின்றனர். கணினிக்கோ அது மரத்தின் படமும் மாட்டின் படமும் போன்றதொரு படமேயாகும்.

பார்வையற்ற மாணவர் கணினியைப் பயன்படுத்துவது திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் ஆகும். அது திரையிலுள்ள எழுத்துகளைக் குரலாக ஒலிக்கும். வேண்டுவோர்க்குப் பிரெயில் புள்ளிகளாகவும் அளிக்கும். 1989இல் வெளிவந்த ஜாஸ் என்னும் மென்பொருளும், பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கி, இன்று எவரும் விலையின்றிப் பெறத்தக்கதாக உள்ள என்விடிஏ என்னும் மென்பொருளும் இவ்வகையில் பெயர்பெற்றவை. பக்கத்தின் படம் மட்டுமே உள்ள பிடிஎஃப் கோப்பினை இவற்றிடம் கொடுத்தால் அவை வாசிக்க ஒன்றுமில்லை. கண்ணுடைய மாணவர் முப்பது பக்கம் வாசிக்கும் அதே கோப்பில், பார்வையற்ற மாணவர்க்குக் கிடைப்பது மௌனமே.

ஆகவே படத்திலிருந்து எழுத்தை மீட்டெடுக்க வேண்டியுள்ளது. இதற்கான முறையை எழுத்துணர்தல் என்பர். 1976இல் ரே கர்ஸ்வைல் என்னும் அமெரிக்கர் வெளிக்கொணர்ந்த வாசிப்பு எந்திரம் இத்துறையில் ஒரு திருப்பமாக அமைந்தது. பலவகை அச்செழுத்துகளையும் அடையாளங்கண்டு அவற்றைச் செயற்கைக் குரலில் அது வாசித்தது. அவ்வெந்திரம் பார்வையற்றோர்க்கென்றே உருவாக்கப்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. இன்று ஸ்கேன் செய்யும் மென்பொருள்கள் பலவற்றிலும் எழுத்துணர்தல் இணைந்தே வருகிறது.

எனினும் எழுத்துணர்தல் பிழையற்றதன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எழுத்துகள் சரியாக உணரப்பட்டால் அது சிறப்பான வெற்றியென நாம் எண்ணுவோம். ஆனால் ஒரு பக்கத்தில் 2000 எழுத்துகள் இருப்பின், அவ்வளவு திருத்தத்திலும் பக்கத்துக்கு 20 பிழைகள் எஞ்சும். முப்பது பக்க இயலில் 600 பிழைகள் எஞ்சும். கண்ணால் வாசிப்பவர் பிழையான சொல்லைப் பார்த்து மூலச்சொல்லை ஊகித்துக்கொள்வார். காதால் கேட்பவர்க்கோ பிழையான சொல் பிழையான ஒலியாகவே வந்து, அடுத்த சொல்லையும் தடுமாறச் செய்துவிடும். மேலும் நூலின் நடுமடிப்பில் விழும் நிழல், முன்னர் வாசித்தவர் இட்ட அடிக்கோடு, விளிம்பில் எழுதிய குறிப்பு, படியிலிருந்து படியெடுத்ததால் மங்கிய எழுத்து ஆகியன பிழைகளைப் பன்மடங்காக்கும். இதனாலேயே நூலகத்தார் ஆசிரியரின் கைவசமுள்ள பழைய ஒளிநகலைப் பெரிதும் விரும்புவதில்லை. குறிப்பெழுதாத நல்ல படியைத் தேடியெடுத்தே ஸ்கேன் செய்ய முற்படுகின்றனர்.

2. எழுத்து உண்டு, ஒழுங்கு இல்லை

எழுத்துகள் அனைத்தும் பிழையின்றி உணரப்பட்டுவிட்டன என்றே கொள்வோம். அப்போதும் வேலை முடிந்துவிடுவதில்லை. அச்சிட்ட பக்கத்தில் எழுத்துக்கு அப்பாலும் பல செய்திகள் உள. பெரிய தடித்த எழுத்து தலைப்பு என்பதனையும், சிறிய எழுத்தில் கீழே உள்ளது அடிக்குறிப்பு என்பதனையும், பக்கத்தின் உச்சியில் திரும்பத் திரும்ப வருவது நூற்பெயர் என்பதனையும் கண் ஒரு நொடியில் அறிந்துகொள்கிறது. இவ்வறிவு எழுத்துகளில் இல்லை; அவற்றின் அமைப்பில் உள்ளது. அமைப்பைக் குறித்துக் காட்டாவிடில், வாக்கியத்தின் நடுவே பக்கம் முடியும்போதெல்லாம் அடிக்குறிப்பும், பக்க எண்ணும், அடுத்த பக்கத்தின் உச்சியிலுள்ள நூற்பெயரும் குறுக்கே ஒலித்த பின்னரே வாக்கியத்தின் எஞ்சிய பகுதி ஒலிக்கும்.

இறையியல் கற்பிப்போர்க்கு நன்கு பழக்கமான ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்தி நூல்களையும் மூன்று நெடும்பத்திகளில் அருகருகே அச்சிட்டுள்ள ஒப்புநோக்கு நூல் ஒன்றினை ஸ்கேன் செய்வதாகக் கொள்வோம். வாசிப்பு ஒழுங்கு குறிக்கப்படாவிடில், கணினி முதல் வரியை இடமிருந்து வலமாக ஒரே வரியென வாசித்துச் செல்லக்கூடும். மத்தேயுவின் மூன்று சொற்களும், மாற்குவின் மூன்று சொற்களும், லூக்காவின் மூன்று சொற்களும் ஒன்றாய்க் கலந்து ஒலிக்கும். வேறுபாடுகளை ஒப்பிட்டுக் காட்டுதற்கென்றே அமைந்த பக்கம், வேறுபாட்டை அறியவே இயலாத குழப்பமாக மாறிவிடும்.

இதனைத் தவிர்ப்பதற்காகக் கோப்பினுள் மறைவான குறிச்சொற்கள் இடப்படுகின்றன. இது முதல்நிலைத் தலைப்பு, இது பத்தி, இஃது அட்டவணையின் தலைவரி, இது படம், இது கிரேக்கச் சொல் என்று அவை திரைவாசிப்பானுக்கு அறிவிக்கின்றன. அவ்வாறு அமைந்த கோப்பில் மாணவர் ஒரு விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். அடிக்குறிப்புக்குச் சென்று மீளலாம். அச்சுநூலின் பக்க எண்களும் கோப்பில் உரிய இடத்தில் காக்கப்பட வேண்டும். வகுப்பில் ஆசிரியர் நாற்பத்தேழாம் பக்கத்தைப் பாருங்கள் எனக் கூறும்போது இவரும் அங்கே செல்லவேண்டுமன்றோ?

இவ்வொழுங்குகளுக்கெனப் பன்னாட்டு நெறிகளும் வகுக்கப்பட்டுள்ளன. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இல் அணுகல்தன்மை வழிகாட்டி நெறிகளை முதன்முதலாக வெளியிட்டது. அவற்றின் பின்னைப் பதிப்புகள் 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் வந்தன. பிடிஎஃப் கோப்புகளுக்கென்றே பன்னாட்டுத் தர அமைப்பு 2012இல் ஒரு தரநெறியை வெளியிட்டது. நூலகத்தார் தம் பணியை இவற்றைக்கொண்டே சோதித்துக்கொள்கின்றனர்.

3. நூலகத்தின் பங்கும் ஆசிரியரின் பங்கும்

ஆசிரியரின் வேண்டுகோள் வந்தவுடன் நூலகத்தார் உடனே ஸ்கேன் எந்திரத்தை நாடுவதில்லை. அந்நூல் பதிப்பகத்தாலேயே மின்னூலாக வெளியிடப்பட்டு, நூலகம் அதற்குச் சந்தா செலுத்தியுள்ளதா என்று முதலில் பார்க்கின்றனர். பதிப்பகத்தின் கோப்பு பெரும்பாலும் எழுத்தாகவே பிறந்தது; அதனை மீட்டெடுக்கத் தேவையில்லை. அங்ஙனம் கிடைக்காதபோதே, பதிப்புரிமை இடந்தருகிறதா என்பதனை நோக்கி ஸ்கேன் செய்கின்றனர். பிறகு எழுத்துணர்தல், பிழைதிருத்தம், வாசிப்பு ஒழுங்கு, தலைப்பு, அட்டவணை, மொழிக்குறி என்று ஒவ்வொன்றாக வேலை நடைபெறுகிறது. எளிய உரைநடைப் பக்கங்கள் விரைவில் முடியும். அட்டவணையும் கணிதக் குறியீடும் பன்மொழிச் சொற்களும் நிறைந்த பக்கங்களோ ஒவ்வொன்றாகக் கையால் திருத்தப்படவேண்டும்.

இவற்றில் நூலகத்தாரால் செய்ய இயலாத வேலை ஒன்று உண்டு. அது படத்தைப் பற்றிய விளக்கம். பாலஸ்தீன நாட்டின் வரைபடம் ஒன்று பாடத்தில் இடம்பெறுகிறது என்று கொள்வோம். ஒரு வகுப்பில் அவ்வரைபடம் எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியைக் காட்டுதற்காக வைக்கப்பட்டிருக்கலாம். எருசலேம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 750 மீட்டர் மேலேயும், எரிகோ ஏறத்தாழ 250 மீட்டர் கீழேயும் உள்ளன. ஆகவே அவ்வழி ஏறத்தாழ 1000 மீட்டர் இறங்கிச் செல்லும் வழி என்பதே மாணவர் அறியவேண்டுவது. வேறொரு வகுப்பில் அதே வரைபடம் ரோம ஆட்சியின் நிருவாகப் பிரிவுகளைக் காட்டுதற்காக வைக்கப்பட்டிருக்கலாம். படம் ஒன்றே, விளக்கங்கள் இரண்டு. எது வேண்டும் என்பதனை நூலக அலுவலர் எங்ஙனம் அறிவார்? இன்று செயற்கை நுண்ணறிவும் படங்களுக்கு விளக்கம் எழுதித் தருகிறது. ஆயினும் அது படத்தில் காணப்படுவதைக் கூறுமேயன்றி, அப்படம் அப்பாடத்தில் ஏன் இருக்கிறது என்பதனைத் தானே அறியாது. அதனை இரண்டு வாக்கியங்களில் எழுதித் தருதல் ஆசிரியர் ஒருவர்க்கே எளிது.

ஆசிரியரின் இரண்டாம் பங்கு தேர்ந்துரைத்தல். நூலிலிருந்து மூன்று இயல்களை ஸ்கேன் செய்யக் கேட்டுவிட்டு ஒன்றையே வகுப்பில் பயன்படுத்தினால், மற்ற இரண்டின்மீது செலவான உழைப்பு வேறொரு மாணவர்க்குக் கிடைக்காமற்போன உழைப்பாகும். ஆகவே பதிப்பு, ஆண்டு, பக்கம் ஆகியவற்றைத் திட்டமாகக் குறிப்பிட்டு, இன்றியமையாதவற்றையே கேட்பது கடமை.

மூன்றாவதும் தலையாயதுமான பங்கு, காலத்தோடு கேட்டல். வாசிப்புப் பட்டியலைப் பருவம் தொடங்கிய பின் வாரந்தோறும் வகுத்துக்கொள்ளும் ஆசிரியர்க்கு அதனால் இழப்பு ஒன்றுமில்லை. ஆனால் எழுத்துருவாக்கம் இரண்டு வாரம் பிடிக்குமாயின், அவ்வகுப்பிலுள்ள பார்வையற்ற மாணவர் பருவம் முழுவதும் இரண்டு வாரம் பின்தங்கியே கற்பார். கலந்துரையாடல் நடந்து முடிந்த பின் பாடம் அவர் கைக்கு வரும். தேர்வில் அவர் பெறும் மதிப்பெண் அவரது திறமையை அளப்பதற்கு மாறாக, பாடம் அவரை வந்தடைந்த தாமதத்தையே அளப்பதாகிவிடும்.

4. சட்டம் வகுத்த வழி

அமெரிக்காவில் இப்பணி நூலகங்களின் நல்லெண்ணத்தால் மட்டும் உருவானதன்று. 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, நடுவணரசின் நிதியுதவி பெறும் எந்நிறுவனமும் உடற்குறையின் காரணமாக ஒருவரை விலக்கலாகாது என விதித்தது. அதனைச் செயற்படுத்தும் விதிகள் நான்காண்டுகள் தாமதப்பட்டன. 1977 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோ நகரில் மாற்றுத்திறனாளிகள் அரசுக் கட்டடம் ஒன்றில் பல வாரங்கள் அமர்ந்து போராடிய பின்னரே அவை கையொப்பமிடப்பட்டன. 1990இல் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் நிறைவேறியது. 2024 ஏப்ரலில் அந்நாட்டு நீதித்துறை வெளியிட்ட விதி, அரசுப் பல்கலைக்கழகங்கள் உள்ளிட்ட பொது அமைப்புகளின் வலைத்தளப் பொருள்களுக்கு, மேற்கூறிய வழிகாட்டி நெறிகளின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பையே அளவுகோலாக ஏற்றது. மாணவர் மட்டும் கடவுச்சொல் இட்டு நுழையும் பாடத்தளங்களுக்கு முன்வரைவில் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. இறுதி விதியில் அவ்விலக்கு நீக்கப்பட்டது. ஒரு மாணவர் வந்து கேட்கும்வரை காத்திருக்கலாம் என்னும் பழைய எண்ணத்துக்கு இதனால் இடமில்லாமற்போயிற்று.

பதிப்புரிமை பற்றிய வழக்குகளும் கருதத்தக்கவை. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் நூற்பகுதிகளை ஸ்கேன் செய்து மாணவர்க்கு அளித்ததனை எதிர்த்து மூன்று பதிப்பகங்கள் 2008இல் வழக்கிட்டன. பத்து விழுக்காடு அல்லது ஓர் இயல் என்னும் நிலையான அளவுகோலைக் கீழ்நீதிமன்றம் 2012இல் கைக்கொண்டது. அவ்வாறு ஒரே கோலால் அனைத்தையும் அளத்தல் தகாது, ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே ஆராயப்படவேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் தீர்த்தது. வழக்கு 2020ஆம் ஆண்டுவரை நீடித்தது.

அதே 2014ஆம் ஆண்டில் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹாத்தி டிரஸ்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. ஹாத்தி டிரஸ்ட் என்பது பல்கலைக்கழக நூலகங்கள் கூடி 2008இல் அமைத்த எண்ணிம நூற்களஞ்சியம். ஸ்கேன் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட நூல்கள் அப்போதே அதில் இருந்தன. அச்சுநூலை வாசிக்க இயலாதவர்க்கு அவற்றின் முழு உரையையும் அளித்தல் பதிப்புரிமைச் சட்டத்தின்படி நியாயமான பயன்பாடே என்பது அத்தீர்ப்பின் முதன்மையான கூறுகளில் ஒன்று. அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பும் அவ்வழக்கில் நூலகங்களோடு சேர்ந்து நின்றது.

காலந்தாழ்த்திச் செய்வதன் விலை என்ன என்பதனைப் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தின் அனுபவம் காட்டுகிறது. அப்பல்கலைக்கழகம் பொதுமக்கட்கு இலவசமாக அளித்துவந்த விரிவுரைப் பதிவுகளில் பலவற்றுக்குக் காது கேளாதோர்க்கான எழுத்துரை இல்லை என்பதும், வேறு குறைகள் உள என்பதும் 2016இல் நீதித்துறையால் சுட்டிக்காட்டப்பட்டன. ஆண்டுக்கணக்காகக் குவிந்தவற்றைத் திருத்துவதற்கு ஆகும் செலவைக் கருதி, பல்கலைக்கழகம் 2017 மார்ச்சில் 20,000க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து விலக்கிக்கொண்டது. 2022இன் இறுதியில் நீதித்துறையோடு உடன்பாடு ஏற்படும்வரை இவ்விவகாரம் நீண்டது. பதிவு செய்யும்போதே சேர்த்திருந்தால் சிறு உழைப்பாய் இருந்திருக்கும் ஒன்று, ஆண்டுகள் கழிந்தபின் பெருஞ்சுமையாகி, குறையுடையோர்க்கும் குறையற்றோர்க்கும் ஒருசேர இழப்பாக முடிந்தது. வாசிப்புப் பாடங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

நம் நாட்டின் நிலையும் இங்கே கூறத்தக்கது. மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களைப் படியெடுத்தல் பதிப்புரிமை மீறலாகாது என 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாக இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடமளித்தது. பார்வையற்றோர்க்கும் அச்சுநூலை வாசிக்க இயலாத பிறர்க்கும் நூல்கள் கிடைக்கச் செய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் உருவானது. அதனை 2014இல் முதன்முதலாக உறுதிசெய்த நாடு இந்தியாவே. அவ்வுடன்படிக்கை 2016இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் நிறைவேறியது. டில்லிப் பல்கலைக்கழகத்தின் ஒளிநகல் வழக்கில், கற்பித்தலுக்காகப் பாடப்பகுதிகளைத் தொகுத்துப் படியெடுத்தலைச் சட்டம் அனுமதிக்கிறது என்னும் வகையில் டில்லி உயர்நீதிமன்றம் 2016இல் தீர்த்தது. ஆகவே நம் கல்லூரிகளில் இப்பணி நடைபெறாமைக்குச் சட்டத்தைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

5. தமிழ்ப் பக்கங்களின் தனி இடர்கள்

தமிழ் நூல்களை எழுத்துருவாக்குவதில் சில தனி இடர்கள் உண்டு. முதலாவது, உருவொற்றுமை. துணைக்காலும் ரகரமும் பல அச்சுகளில் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. தமிழெண் ஏழும் எகரமும், தமிழெண் ஒன்றும் ககரமும் அவ்வாறே. ஔகாரம் உள்ள சொல்லில் அது ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து பதிவாயின், கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. காதுக்கோ வேறு சொல்லாக ஒலிக்கும். இரண்டாவது, பழைய வரிவடிவம். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் ணை, லை, ளை, னை என்பவற்றுக்கும் ணா, றா, னா முதலியவற்றுக்கும் வேறு வடிவங்கள் வழங்கின. புதிய அச்செழுத்துகளைக் கொண்டு பயிற்றப்பட்ட மென்பொருள் அப்பழைய வடிவங்களில் தடுமாறுகிறது.

மூன்றாவது இடர் மிகப் பரவலானதும் எளிதில் புலப்படாததும் ஆகும். யூனிக்கோடு என்னும் ஒருங்குறி வருவதற்கு முன்னும் அதன் பின் பல்லாண்டுகளும் பாமினி, ஸ்ரீலிபி, வானவில் முதலிய எழுத்துருக்களில் ஆயிரக்கணக்கான தமிழ் ஆவணங்கள் தட்டச்சு செய்யப்பட்டன. இவை திரையில் அழகிய தமிழாகத் தோன்றுகின்றன. ஆனால் உள்ளே பதிவாகியிருப்பன ஆங்கில எழுத்துகளும் பிற குறியீடுகளுமே. தமிழ் வடிவம் மேலே போர்த்தப்பட்ட போர்வை மட்டுமே. பாமினியில் தட்டச்சு செய்த 'அம்மா' என்னும் சொல் திரைவாசிப்பானுக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே தென்படும். பழைய கிரேக்க, எபிரேய எழுத்துருக்களில் ஆக்கப்பட்ட வகுப்புக் குறிப்புகளுக்கும் இதே நிலைதான். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. எனினும் பழைய எழுத்துருவிலுள்ள குறிப்புகளை மாற்றாமல் ஆண்டுதோறும் மாணவர்க்கு வழங்கும் வழக்கம் ஆங்காங்கே நீடிக்கவே செய்கிறது.

இவ்விடர்கள் கடக்க இயலாதவை அல்ல. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலரின் உழைப்பால் தமிழ் இலக்கியங்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து எவரும் பெறும்படி வைத்தது. விண்சுலோ 1862இல் வெளியிட்ட அகராதி, பாப்ரீஷியஸ் அகராதி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஆகியவை சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய எண்ணிம நூலகத் திட்டத்தில் இன்று வெறும் படங்களாக அல்லாமல், சொல்லைத் தேடிக் காணத்தக்க உரையாக உள்ளன. தேடத்தக்க உரையானது காதால் கேட்கவும் தக்க உரையாகும். பார்வையற்றோர்க்கு ஆகும் உழைப்பு ஆய்வாளர் அனைவர்க்கும் பயன்படுவதனை இதிற் காண்கிறோம்.

6. தனிப்பிரிவு இல்லாத கல்லூரிகளில்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் போன்று தனி அலுவலரும் எந்திரங்களும் நம் சிறு கல்லூரிகள் பலவற்றில் இல்லை. ஆயினும் ஆசிரியர் தாமே மேற்கொள்ளத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. மாணவர்க்கு அனுப்பவுள்ள கோப்பினைத் திறந்து, ஒரு பத்தியைத் தேர்ந்து நகலெடுத்து, வேறொரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பார்க்கவேண்டும். எழுத்தைத் தேர்ந்தெடுக்கவே இயலவில்லையாயின், அது பக்கத்தின் படம் மட்டுமே. ஒட்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கிலக் குறியீடுகள் வருமாயின், அது பழைய எழுத்துரு. தமிழாகவே வந்தும் வரிகள் முன்பின்னாகக் கலந்திருப்பின், அதில் வாசிப்பு ஒழுங்கு இல்லை. ஒரு நிமிடத்தில் முடியும் இச்சோதனை மூன்று குறைகளையும் காட்டிவிடும்.

குறை தென்பட்டால் செய்யவேண்டுவன சில. பழைய எழுத்துருவிலுள்ள குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற விலையின்றிக் கிடைக்கும் மாற்றிகளைப் பயன்படுத்தலாம். மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பிழை திருத்தவேண்டும். புதிதாக எழுதும் குறிப்புகளில் தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், எழுதும் மென்பொருளிலுள்ள தலைப்பு வகையைக் கொண்டே அமைக்கவேண்டும். படம் ஒவ்வொன்றுக்கும் அஃது அப்பாடத்தில் ஏன் உள்ளது என்பதனை இரண்டு வரிகளில் எழுதிச் சேர்க்கவேண்டும். ஸ்கேன் செய்ய நேரின் நூலை நன்கு விரித்து, ஒரு தடவைக்கு ஒரு பக்கமாக, நிழல் விழாமல் செய்யவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வடிவம் உமக்கு ஏற்றது என்று மாணவரையே கேட்கவேண்டும். ஒருவர்க்குப் பிரெயில் வேண்டும். ஒருவர்க்குக் குரல் போதும். சிறிதே பார்வையுள்ளவர்க்குப் பெரிய எழுத்தே உதவும். அவர் அறிந்த அளவு நாம் அறியோம்.

நூலகர்க்கும் இதில் இடமுண்டு. ஒரு முறை எழுத்துருவாக்கிய பாடத்தை அந்தப் பருவத்தோடு மறந்துவிடாமல் முறையாகப் பெயரிட்டுச் சேமித்து வைத்தால், அடுத்த ஆண்டும் அதே பாடம் வரும்போது உழைப்பு மிச்சமாகும். அண்டைக் கல்லூரிகள் தத்தம் கோப்புகளைச் சட்டம் இடந்தரும் அளவில் பகிர்ந்துகொண்டால் ஒரே இயலைப் பலர் பலமுறை திருத்தும் வீண் உழைப்பு நீங்கும்.

முடிவாக, நாம் கூறியவற்றின் சாரம் இதுவே. ஸ்கேன் எந்திரம் பக்கத்தைப் படமாக்கும்; எழுத்துணரும் மென்பொருள் படத்தை எழுத்தாக்கும்; நூலகர் எழுத்தை ஒழுங்குபடுத்துவார்; அதனைப் பாடமாக்குபவர் ஆசிரியரே. இந்நான்கில் இறுதியானது விடுபட்டால் முன்னைய மூன்றும் அரைகுறையாகவே நிற்கும். வாசிப்புப் பட்டியலைப் பருவத்துக்கு முன்னரே வகுத்து நூலகத்திடம் ஒப்படைக்கும் ஆசிரியர் புதிதாக ஒரு செலவும் செய்வதில்லை. தாம் எப்படியும் செய்யவேண்டிய வேலையைச் சில வாரங்கள் முன்னதாகச் செய்கிறார், அவ்வளவே. அதனால் விளைவதோ, ஒரு மாணவர் மற்றவர்களோடு ஒரே நாளில் அதே பாடத்தை வாசித்துவிட்டு வந்து வகுப்பில் தம் கருத்தைக் கூற இயல்வது. வரும் பருவத்துக்குரிய பட்டியல்களை வகுக்கத் தொடங்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் இதனைக் கருத்திற்கொள்வது தக்கது.